வயலில் நிறுத்தும் கம்பியில்லா உணரிகளும் அவற்றை நடத்தும் 'டைனி ஓ.எஸ்.' முறையும்

உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கும் பின்பருவக் கருகல் நோய் வயலில் கண்ணுக்குத் தெரிந்தபின் மருந்து தெளிப்பது பெரும்பாலும் காலங் கடந்த காரியமேயாகும். இலையின்மேல் ஈரம் தங்கும் நேரமும் காற்றின் குளிர்ச்சியும் ஒத்துவருங்கால், அந்நோயை விளைக்கும் நுண்ணுயிரின் வித்துக்கள் சில மணி நேரத்திற்குள் முளைத்து இலைக்குள் புகுந்துவிடுகின்றன. கரும்புள்ளி வெளிப்படுவதோ சில நாட்கள் கழிந்த பின்னரே. 1845-ம் வருஷத்தில் அயர்லாந்து தேசத்தில் இந்நோய் பரவியதால் நேர்ந்த பஞ்சம் 1852 வரையில் நீடித்தது. அதில் ஏறக்குறைய பத்து லட்சம் ஜனங்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் நாட்டைவிட்டே வெளியேறினர். நீலகிரியில் கிழங்கு பயிரிடுவோர்க்கும் இது புதிய நோயன்று.

நோய் வருமுன் அதன் வரவை அறிய வழியுண்டா என்று ஆராய்ந்தவர்களுள் ஹாலந்து தேசத்து வானிலை நிபுணர் வான் எவர்டிங்கென் என்பவர் ஒருவர். அவர் 1926-ம் வருஷத்தில் நான்கு குறிகளை வகுத்தார். இரவில் குறைந்தது நான்கு மணி நேரம் பனி படியும் நிலைக்குக் காற்றுக் குளிர்ந்திருத்தல், அவ்விரவில் உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ்ப் போகாதிருத்தல், மறுநாள் வானத்தில் பத்தில் எட்டுப் பங்கேனும் மேகம் மூடியிருத்தல், மறுநாள் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்காயினும் மழை விழுதல் ஆகிய நான்கும் கூடி நேர்ந்தால் நோயை எதிர்பார்க்க வேண்டும் என்பது அவர் கண்ட விதி. பிற்காலத்தில் வேறு தேசங்களிலும் இதைப்போன்ற விதிகள் வகுக்கப்பட்டன. அவை யாவற்றிற்கும் ஆதாரமாயிருப்பவை உஷ்ணமும் ஈரமும் பற்றிய அளவுகளே.

ஆனால் அவ்வளவுகளை எங்கே எடுப்பது என்பதில் ஒரு சங்கடம் உண்டு. பல மைலுக்கப்பால் வெட்டவெளியில் அமைந்த வானிலை நிலையத்துப் பெட்டிக்குள் தொங்கும் உஷ்ணமானி, குடியானவனுடைய வயலில் இலைகளினூடே உள்ள காற்றின் நிலையைக் காட்டாது. ஒரே வயலில் மேட்டுப் பாகம் காலையிலேயே உலர்ந்துவிட, பள்ளப் பாகத்தில் பனி நண்பகல்மட்டும் நிற்பதை யாவரும் கண்டிருப்பர். நோய் முதலில் பற்றுவது அப்பள்ளத்திலேதான். ஆகவே, பயிரினிடையே பல இடங்களில் சிறு கருவிகளை நட்டு, அவை எடுக்கும் அளவுகளைக் கம்பியின்றியே ஓரிடத்திற்கு வரவழைக்க வேண்டுமென்ற எண்ணம் எழுந்தது. இக்கருவிகளுக்குக் கம்பியில்லா உணரிகள் என்று பெயர். அவற்றை உள்ளிருந்து நடத்தும் ஏற்பாட்டிற்கு இயங்குதளம் என்று பெயர். இவ்வகை இயங்குதளங்களுள் முற்பட்டதும் பிரசித்தி பெற்றதுமான 'டைனி ஓ.எஸ்.' என்பதன் தன்மை, அதன் சிக்கனம், அது வயலில் பட்ட பாடு ஆகியவை இங்கே விவரிக்கப்படுகின்றன. இத்தகைய கருவிகளை விலைக்கு வாங்கும்படி விவசாயிகளை இப்போது பலர் அணுகுவதால், இவ்விஷயம் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருக்கத் தக்கது.

கருவியின் அமைப்பு

உணரி ஒன்றில் நான்கு உறுப்புகள் உண்டு. உஷ்ணம், காற்றின் ஈரம், மண்ணின் ஈரம் முதலியவற்றை அளக்கும் முனை ஒன்று. அவ்வளவை எண்ணாக்கிக் காக்கும் மிகச் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று. அவ்வெண்ணைப் பிறருக்கு அனுப்பவும் பிறர் அனுப்புவதைக் கேட்கவும் வல்ல ரேடியோ ஒன்று. இவற்றிற்கெல்லாம் உணவாகிய பாட்டரி. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கலாசாலையில் இவற்றை முதலில் செய்தவர்கள் இதற்கு 'மோட்' என்று பெயரிட்டனர். மோட் என்பது காற்றில் மிதக்கும் தூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அக்கலாசாலையைச் சார்ந்த கிரிஸ் பிஸ்டர் என்ற ஆசிரியர், தூசியளவாகக் கருவியைக் குறுக்கிவிடலாமென்று எண்ணி இம்முயற்சியைத் தூண்டினார். நடைமுறையில் வயலுக்கு வந்த கருவிகள் தூசியளவினவல்ல. இரண்டு டார்ச் பாட்டரிகளைத் தாங்கும் கைக்கடக்கமான பெட்டிகளே.

இவ்வகையில் 'மைக்கா 2' என்னும் பெயருடைய மோட் பல தேசங்களில் பரவலாய் வழங்கியது. அதிலுள்ள கம்ப்யூட்டர் தனக்கிட்ட கட்டளைகளை வைத்துக்கொள்ள 128 கிலோபைட் இடமும், வேலை செய்யும்போது கணக்குகளை வைத்துக்கொள்ள 4 கிலோபைட் இடமும் உடையது. இப்பத்திரிகையின் ஒரு பக்கத்திலுள்ள தமிழெழுத்துக்களைக்கூட அந்த 4 கிலோபைட் முழுதுங் கொள்ளாது. காரியாலயங்களிலுள்ள கம்ப்யூட்டர்களை நடத்தும் இயங்குதளங்கள் இதில் குடியேறுதல், நெற்குதிரை மடக்கில் முடிந்துகொள்ள முயல்வதற்கு ஒப்பாகும். ஆதலால் இதற்கெனத் தனியான ஒன்று வேண்டியதாயிற்று.

இயங்குதளத்தின் வேலை

பெர்க்லியில் 1999-ம் வருஷத்தில், டேவிட் கல்லர் என்ற ஆசிரியரின் கீழ் ஜேசன் ஹில் என்ற மாணாக்கர் தொடங்கிய வேலையினின்று டைனி ஓ.எஸ். பிறந்தது. 2000-ம் வருஷத்தில் அதன் அமைப்பை விளக்கும் கட்டுரை வெளிவந்தது. அதன் மூலபாகம் சுமார் 400 பைட் அளவில் அடங்கிவிடும்.

இத்துணைச் சிறிய இடத்தில் அடங்கியதன் காரணம் யாதெனில், அது கருவிக்குக் காத்துநிற்கும் வழக்கத்தை அடியோடு விலக்கியதேயாகும். சாதாரணக் கம்ப்யூட்டர் ஒரு காரியத்தை ஏவிவிட்டு, அது முடியும்வரையில் அங்கேயே நிற்கும். அதற்குள் வேறொரு காரியத்தைக் கவனிக்க வேண்டின், முதற்காரியத்தின் குறிப்புகளையெல்லாம் ஒருபுறம் எடுத்துவைக்க இடம் வேண்டும். டைனி ஓ.எஸ். அவ்வாறு செய்வதில்லை. உஷ்ணத்தை அளக்கும்படி முனைக்குச் சொல்லிவிட்டு உடனே தன் பாட்டிற்குப் போய்விடுகிறது. அளவு தயாரானதும் முனை தானே வந்து எழுப்புகிறது. எழுப்பப்பட்டபோது அவசரமான சிறு வேலையை மட்டும் முடித்து, மற்றதை வரிசையில் போட்டுவைத்து, வரிசையிலுள்ள வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாய் முழுக்க முடித்துத் தீர்த்து, வரிசை காலியானவுடன் கம்ப்யூட்டரைத் தூங்கச் செய்கிறது. ஏற்றக்காரன் கால்வாயில் நீர் வாய்க்கடைக்கு வந்ததா என்று மடையருகே நின்று பார்த்துக்கொண்டிராமல், நீர் வந்தால் குரல் கொடுக்கும்படி மடைக்காரனிடம் சொல்லிவிட்டு நிழலிற் படுத்திருப்பதைப் போன்றது இது.

இரண்டாவது சிக்கனம், வேண்டாததைச் சுமவாமை. இயங்குதளம் பல சிறு துண்டுகளாய் எழுதப்பட்டிருக்கிறது. உஷ்ணம் அளக்கும் துண்டு, ரேடியோவை நடத்தும் துண்டு, நேரங் காட்டும் துண்டு என்று தனித்தனியே இருக்கும். 'நெஸ்-சி' என்னும் கம்ப்யூட்டர் பாஷையில் இவற்றைக் கோத்து ஒரே புரோகிராமாகச் செய்யும்போது, அக்கருவி செய்யவேண்டிய வேலைக்கு இன்றியமையாத துண்டுகள் மட்டுமே உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு துண்டிற்கும் எவ்வளவு இடம் என்பதும் முதலிலேயே பாத்தி பிரித்ததுபோல் வரையறுக்கப்பட்டுவிடும். இதனால் நடுவில் இடம் போதாமல் கருவி தடுமாறுதல் பெரிதும் குறையும்.

இந்த இயங்குதளத்தின் மூலக் கட்டளைகள் யாவரும் படிக்கும்படி பகிரங்கமாய் வெளியிடப்பட்டன. எவரும் அவற்றை இலவசமாய் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தம் கருவியில் இட்டு விற்கவும் செய்யலாம். முதலில் எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை நீக்கக் கூடாதென்பது முக்கியமான நிபந்தனை. விவசாயிகளுக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். களத்திலே எடுத்த விதையை மறுவருஷம் தானே விதைத்துக்கொள்ளவும், அண்டை வயற்காரனுக்குக் கொடுக்கவும் கூடிய ரகத்திற்கும், வருஷந்தோறும் கடையில் வாங்கியே தீரவேண்டிய வீரிய ஒட்டு ரகத்திற்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. விற்றவன் கடையை மூடிவிட்டாலும், இயங்குதளம் பகிரங்கமானதாயின், வேறொருவர் அதைப் படித்துப் பழுது பார்க்கக்கூடும். ஆனால் பழுது பார்க்க அறிந்தவர் அருகில் இருந்தால்தான் இந்த உரிமை கைக்கு வரும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பாட்டரிக் கணக்கு

இவ்வளவு சிக்கனமும் எதற்காக என்பதை ஒரு கணக்கினால் காணலாம். நல்ல டார்ச் பாட்டரி சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் தரும். மைக்கா 2 மோட் விழித்திருக்கையில் அதன் கம்ப்யூட்டர் சுமார் 8 மில்லி ஆம்பியரும், கேட்கும் நிலையிலுள்ள ரேடியோ சுமார் 10 மில்லி ஆம்பியரும் செலவழிக்கின்றன. இரண்டும் இடைவிடாது விழித்திருந்தால் ஆறு நாட்களுக்குள் பாட்டரி தீர்ந்துவிடும். நூறு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் மட்டும் விழித்து மற்றப் போதெல்லாம் தூங்குமாயின், அதே பாட்டரி கணக்கின்படி ஒரு வருஷத்திற்கு மேலும் நிற்கும். வெயிலாலும் பாட்டரியின் வயதாலும் நடைமுறையில் இதில் குறைவு ஏற்படும்.

இதில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. பேசுவதால்தான் செலவு, கேட்பதால் செலவில்லை என்று எவரும் நினைப்பது இயல்பு. இக்கருவிகளின் ரேடியோவிலோ கேட்பதும் ஏறக்குறையப் பேசுவதற்குச் சமமான செலவை வைக்கிறது. யாராவது பேசுவார்களோ என்று காதைத் திறந்து வைத்திருக்கும் நேரமே பாட்டரியைத் தின்கிறது. ஆகையால் எல்லாக் கருவிகளும் ஒத்துக்கொண்ட சமயத்தில் விழித்து, பேச வேண்டியதைப் பேசி, மறுபடி ஒன்றாய்த் தூங்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துச் சர்வகலாசாலையில் 2003-ம் வருஷத்தில் வெளியான 'டி-மாக்' என்னும் முறை அவற்றுள் ஒன்று.

சிறிய ரேடியோவின் குரல் வெகுதூரம் எட்டாது. ஏரியில் தூர் வாருகையில் ஆட்கள் வரிசையாய் நின்று மண் கூடையைக் கைமாற்றிக் கரைக்கு ஏற்றுவதுபோல், ஒரு கருவி தன் செய்தியை அடுத்ததற்குக் கொடுக்க, அது அதற்கடுத்ததற்குக் கொடுக்க, கடைசியில் வரப்போரத்திலுள்ள வாயில் நிலையத்தைச் செய்தி அடைகிறது. எந்த அண்டைக் கருவி நம்பத்தக்கது என்பதை ஒவ்வொன்றும் தானே சோதித்துக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்துக்கொள்ளும். வழியில் ஒன்று பழுதானால் வேறு வழியைத் தேடிக்கொள்ளும். இதில் அநியாயம் ஒன்றும் உண்டு. வாயில் நிலையத்தை அடுத்து நிற்கும் கருவி, வயல் முழுதின் செய்தியையும் சுமக்க வேண்டியிருப்பதால் மற்றவற்றினும் முந்தித் தளர்ந்துவிடும்.

பயிரல்லாத இடங்களில் இம்முறை முதலில் பரீட்சிக்கப்பட்டது. 2002-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மெயின் மாகாணத்தைச் சார்ந்த கிரேட் டக் தீவில், கடற்பறவைகள் முட்டையிடும் வளைகளுக்குள்ளும் வெளியிலும் 32 மோட்டுகள் வைக்கப்பட்டன. மனிதர் அருகே சென்றால் பறவைகள் கூட்டை விட்டுவிடும் என்பதற்காகவே இவ்வேற்பாடு. பின்னர்க் கலிபோர்னியாவிலுள்ள ஓர் உயர்ந்த செம்மரத்தில் மோட்டுகளைக் கட்டி, மரத்தின் வெவ்வேறு உயரங்களில் ஈரமும் உஷ்ணமும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்தனர்.

போர்கர் கிராமத்துக் கிழங்கு வயல்

விவசாயிகளுக்கு மிகவும் பயனுள்ள செய்தி, ஹாலந்து தேசத்தில் போர்கர் என்னும் ஊரில் 2005-ம் வருஷத்துச் சாகுபடிப் பருவத்தில் நடந்த பரீட்சையினின்று கிடைத்தது. பின்பருவக் கருகல் நோயைக் குறித்தே அப்பரீட்சை நடத்தப்பட்டது. உருளைக்கிழங்கு வயலில் நூற்றுக்கு மேற்பட்ட உணரிகளை நட்டு, டைனி ஓ.எஸ். மூலம் அவற்றை நடத்தி, நிமிஷத்திற்கு ஒரு முறை உஷ்ணமும் ஈரமும் அளந்து, பத்து நிமிஷத்திற்கு ஒரு முறை அவற்றைச் சேர்த்தனுப்புவது திட்டம். எந்தப் பாகத்தில் நோய்க்கு ஏற்ற நிலை உண்டாகிறதென்று தெரிந்தால், வயல் முழுதும் மருந்தைக் கொட்டாமல் தேவையான காலத்தில் தேவையான இடத்தில் மட்டும் தெளிக்கலாமென்பது எதிர்பார்ப்பு.

இப்பரீட்சை செய்தவர்கள் பயிரின் இயல்பை அறியாதவர்களல்லர். செடி பூத்துத் தழை அடர்ந்த பருவத்தில் ரேடியோவின் குரல் எட்டும் தூரம் வெகுவாய்க் குறுகிவிடுமென்று முன்னதாகவே கண்டு, அளவெடுக்கும் கருவிகளை 20, 40, 60 சென்டிமீட்டர் உயரங்களில் நட்டு, அவற்றின் செய்தியைத் தாங்கிச் செல்வதற்கென்றே வேறு சில கருவிகளை 75 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தத் திட்டமிட்டனர். மழையிலும் ஈரமிகுந்த இரவிலும் ரேடியோ மங்கும் என்று எவரும் எண்ணுவர். கிழங்கு வயலில் அளந்து பார்த்தபோதோ அப்போதுதான் அது நன்றாய்க் கேட்டது என்பது வியப்பான செய்தி.

ஆயினும் பரீட்சை தோல்வியுற்றது. வயலுக்குப் புறப்படும் தறுவாயில் புரோகிராமில் அவசரமாய்ச் செய்த மாறுதல்களால், ரேடியோவை நடத்தும் பாகத்தில் இருவேறு திருத்தங்களின் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நட்ட கருவிகளுக்குத் திரும்பவும் ஒவ்வொன்றாய்க் கையால் புரோகிராம் ஏற்ற நேர்ந்தது. அடுத்து வந்தது இன்னும் பெரிய இடையூறு. டைனி ஓ.எஸ். முறையில் புதிய புரோகிராமை ரேடியோ மூலமாகவே வயல் முழுதும் பரப்புவதற்கு 'டெலூஜ்' என்று ஓர் உறுப்பு உண்டு. டெலூஜ் என்றால் பெருவெள்ளம் என்பது பொருள். அது பேருக்கேற்ப நடந்தது. கருவிகள் ஒன்றுக்கொன்று புதிய புரோகிராமைக் கொடுப்பதிலேயே ஓயாது முனைந்து, தூக்கமின்றி விழித்திருந்தன. நான்கே நாட்களில் எல்லாப் பாட்டரிகளும் தீர்ந்தன. மேலே காட்டிய கணக்கோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவற்றைத் திருத்தி மறுபடி நிறுத்தியபோது வேறு விதமாய்க் கெட்டது. கருவி செயலற்று நின்றுவிட்டால் அதைத் தானே மறுபடி தொடங்கச் செய்யும் காவல் கடிகாரம் ஒன்று ஒவ்வொன்றினுள்ளும் உண்டு. அக்கடிகாரத்தின் செய்கையால் பெரும்பாலான கருவிகள் இரண்டு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை புதிதாய்த் தொடங்கலாயின. தொடங்குந்தோறும் அண்டைக் கருவிகளைப் பற்றிய குறிப்பேடு அழிந்துபோயிற்று, வழி மறந்துபோயிற்று. அக்குறிப்பேடும், நட்ட கருவிகளின் நெருக்கத்திற்குப் போதாத அளவினதாய் அமைந்திருந்தது. மூன்று வாரம் இவ்வாறு நடந்து பாட்டரிகள் தீர்ந்தபோது, வந்து சேர வேண்டிய அளவுகளில் நூற்றுக்கு இரண்டு பங்கே வந்து சேர்ந்திருந்தன. ரேடியோ தவறினாலும் ஒவ்வொரு கருவியும் தன் அளவைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கட்டும் என்று செய்திருந்த முன்னேற்பாடும், எழுதும் பாகத்தில் இருந்த ஒரு சிறு பிழையால் ஒன்றையும் எழுதாமலே போயிற்று. நோயை எச்சரிக்கும் பேச்சுக்கு இடமேயில்லாமற் போனது.

டெல்ஃப்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இத்தனையையும் மறையாமல் 2006-ம் வருஷத்தில் எழுதி வெளியிட்டனர். கெடக்கூடியது கெட்டே தீரும் என்று ஆங்கிலத்தில் மர்ஃபி என்பவர் பெயரால் வழங்கும் ஒரு வசனம் உண்டு. 'மர்ஃபிக்கு உருளைக்கிழங்கென்றால் பிரியம்' என்ற பொருள்படத் தங்கள் கட்டுரைக்கு அவர்கள் பெயரிட்டனர். வெற்றியை மட்டும் அச்சிடும் வழக்கம் மிகுந்த துறையில் இவ்வறிக்கையின் மதிப்புப் பெரிது. பின்னர் வந்தவர்கள் பலர் வயலுக்குப் போகுமுன் இதனைப் படித்துப் போனார்கள். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே மேஜையின்மேல் நன்றாய் வேலை செய்தது. நூறு கருவிகளாய்ச் சேர்ந்து வயலில் நின்றபோதே கெட்டது என்பது அதில் முக்கியமாய்க் காண வேண்டுவது.

கன்னட தேசத்துப் பரீட்சை

இந்தியாவிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இம்முறை வயலுக்கு வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சுவிட்சர்லாந்து தேசத்து லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, தும்கூர் ஜில்லா பாவகடா தாலுகாவிலுள்ள சென்னகேசவபுரம் என்னும் கிராமத்தில் உணரிகளை நிறுத்தின. மழையை மட்டும் நம்பி நிலக்கடலை பயிரிடும் வறண்ட பிரதேசம் அது. அங்கே முக்கியமாய்க் கருதியது மண்ணின் ஈரம். இங்கும் மோட்டுகளை நடத்தியது டைனி ஓ.எஸ். முறையே. ஹாலந்தில் கருவி ஒரு பெரிய பண்ணையின் மருந்துச் செலவைக் குறைக்க வந்தது; பாவகடாவிலோ, மழை தவறிய வருஷத்தில் உள்ள சிறிது நீரை எப்போது பாய்ச்சினால் பயிர் பிழைக்கும் என்ற கேள்விக்கு விடை தேட வந்தது. ஆகவே அங்கே கருவியை நடுமுன், குடியானவர்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று அவர்களையே விசாரித்து அறிந்தனர். இவ்வொழுங்கு எங்கும் பின்பற்றத் தக்கது.

இப்போதைய நிலை

டைனி ஓ.எஸ். முறையின் இரண்டாம் பதிப்பு 2006-ம் வருஷத்திலும், 2.1.2 என்ற எண்ணுடைய திருத்தம் 2012-ம் வருஷத்திலும் வெளிவந்தன. அதன்பின் அதன் வளர்ச்சி தளர்ந்துவிட்டது. சுவீடன் தேசத்து ஆடம் டங்கெல்ஸ் என்பவர் தொடங்கிய 'கான்டிக்கி' என்ற இயங்குதளமும் அதே நோக்கமுடையது. 2017-ம் வருஷத்தில் அதினின்று பிரிந்த 'கான்டிக்கி என்.ஜி.' இப்போது வழக்கில் உள்ளது. 'ரயட்' என்ற வேறொன்றும் உண்டு. இவையும் பகிரங்கமானவையே. பெயர் எதுவாயினும், தூங்கவைத்தல், வரிசையில் வேலை செய்தல், வேண்டாததைச் சுமவாமை என்று டைனி ஓ.எஸ். காட்டிய வழியிலேயே இவையும் பெரும்பாலும் செல்கின்றன. 'லோரா' என்னும் புதுவகை ரேடியோ வெட்டவெளியில் சில கிலோமீட்டர் தூரம் நேரே எட்டுவதால், கைமாற்றி அனுப்ப வேண்டிய அவசியம் பல இடங்களில் நீங்கிவிட்டது. செய்தியை வெகு மெதுவாகவே அனுப்ப முடியும் என்பது அதன் குறை.

இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பாகத்திலும் சர்க்கார் விதித்த சக்தி வரம்புக்குட்பட்டு இத்தகைய ரேடியோக்களைத் தனி லைசென்ஸின்றி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் வழங்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் இவ்வனுமதியில் அடங்கியவையல்ல. மலிவாய்க் கிடைக்கின்றனவென்று வரவழைப்போர் பெட்டியின்மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

வாங்கக் கருதுவோர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நுட்பமாய் அளக்கிறது என்பதன்று. எவ்வளவு நேரம் தூங்குகிறது, ரேடியோ தவறினால் அளவைத் தன்னுள்ளே எழுதிக்கொள்கிறதா, எழுதியதை எடுத்துக் காட்ட முடியுமா என்பனவே. ஒரே முறையாக வயல் முழுதும் நிறுத்தாமல், நாலைந்து பெட்டிகளை மட்டும் நடவு முதல் தழை முற்றும் மூடும் வரையில் வயலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் நிலத்தில் நன்றாய் எட்டிய குரல், பயிர் வளர்ந்தபின் எட்டாமற் போவது சாதாரணம். வாரம் ஒரு முறையேனும் கையில் எடுத்துச் செல்லும் உஷ்ணமானியால் அதே இடத்தில் அளந்து, பெட்டி சொல்வதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பருவத்தின் நடுவில் புரோகிராமை மாற்றித் தருவதாக விற்பவர் சொன்னால், அதை முதலில் ஒரு பெட்டியில் மட்டும் ஏற்றி, சில நாட்கள் பார்த்த பின்னரே மற்றவற்றிற்கு இடங்கொடுக்க வேண்டும். பாட்டரி மாற்றிய தேதியை ஒவ்வொரு பெட்டியின்மேலும் அழியாத மையினால் குறித்துவைப்பின், எது அதிகமாய்ச் செலவழிக்கிறதென்பது ஒரு பருவத்திற்குள் தெரிந்துவிடும். கைமாற்றி அனுப்பும் முறையாயின், அது அநேகமாய் வாயில் நிலையத்தை அடுத்து நிற்கும் பெட்டியாகவே இருக்கும்.